கொழுப்பெடுத்த செல்கள்: மரியாதையில்லாத ஒரு வரலாறு

1883-இல் ஜெர்மனியில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு இரண்டு அசம்பாவிதங்கள் நேர்ந்தன. ஒன்று, பெர்லினில் பால் கிராவிட்ஸ் என்ற இளம் உதவியாளர் சிறுநீரகக் கட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாவது, அக்டோபர் 8-ஆம் தேதி ஃப்ரைபர்க் நகரில் ஓட்டோ வார்பர்க் பிறந்தார். முன்னவர் புற்றுநோய் செல்லுக்குள் இருந்த கொழுப்பைப் பார்த்துவிட்டு ஆள் மாற்றி அடையாளம் காட்டினார். பின்னவர் கொழுப்பின் பக்கம் திரும்பாமலேயே உலகத்தைச் சர்க்கரையின் பின்னால் ஓடவிட்டார். இருவரும் மகா புத்திசாலிகள், சிக்கலே அதுதான். சாதாரண ஆள் தப்பு செய்தால் மறுநாளே யாராவது மண்டையில் குட்டித் திருத்திவிடுவார்கள். ஜெர்மன் பேராசிரியரின் தப்புக்குச் சீடர்கள் கிடைப்பார்கள், பாடப்புத்தகத்தில் பக்கம் கிடைக்கும், லத்தீனிலோ கிரேக்கத்திலோ ஒரு பெயரும் கிடைக்கும். அப்புறம் அதை அசைக்க இன்னொரு பேராசிரியர் பிறந்து வளர்ந்து வர வேண்டும்.

கிராவிட்ஸின் குரு ருடால்ஃப் விர்ஷோ. நோயியலின் பெரியப்பா. நோய் என்பது உடம்பின் திரவங்களில் இல்லை, செல்லில் இருக்கிறது என்று 1858-இல் புத்தகம் போட்டு, அதுவரை ரத்தத்தையும் பித்தத்தையும் திட்டிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்குத் திட்டுவதற்குப் புதிய ஆளைக் காட்டியவர். அரசியலிலும் இருந்தார். 1865-இல் பிஸ்மார்க் அவரைத் துவந்த யுத்தத்துக்கே கூப்பிட்டார். விர்ஷோ போகவில்லை, ஆகவே நமக்கு நோயியல் மிஞ்சியது.

செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் திரள்வதை விர்ஷோ நன்றாகவே பார்த்திருந்தார். அதை இரண்டாகப் பிரித்தார். வெளியிலிருந்து வந்து குடியேறிய கொழுப்பு ஒரு வகை. செல் சாகும் தறுவாயில் தானே சிதைந்து கொழுப்பாக உருகுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் பிரபலமாயிற்று. அன்றிலிருந்து செல்லுக்குள் எண்ணெய்த்துளி தெரிந்தால் மருத்துவர்கள் தொப்பியைக் கழற்றத் தொடங்கினார்கள்: பாவம், போகப்போகிற செல். அந்தத் துளி சாவு ஓலை இல்லை, சேமிப்புக் கணக்கு என்ற எண்ணம் யாருக்கும் உதிக்கவில்லை. கெட்டிக்காரர் சொல்லிவிட்டாரே!

இந்தப் பின்னணியில்தான் கிராவிட்ஸின் கட்டுரை வருகிறது. சிறுநீரகத்தின் உறைக்கு அடியில் மஞ்சளாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருப்பதை அறுவை மேசையில் பலரும் பார்த்திருந்தார்கள். மஞ்சள் என்றால் கொழுப்பு, கொழுப்புக் கட்டி என்றால் லிப்போமா என்று கணக்கை முடித்து வைத்திருந்தார்கள். கிராவிட்ஸ் இது லிப்போமா இல்லை என்றார். அதுவரை சரி, பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியை நுண்ணோக்கியில் பார்த்தார். அங்கேயும் செல்கள் கொழுப்பால் நிரம்பி வழிந்தன. கரு வளரும்போது அட்ரினலின் துணுக்குகள் சில வழிதவறிச் சிறுநீரகத்துக்குள் புதைந்துவிடுவது உண்மைதான். மூன்றையும் கூட்டினார்: வழிதவறிய அந்த அட்ரினல் துணுக்கிலிருந்துதான் இந்தக் கட்டிகள் முளைக்கின்றன என்று விடை வந்தது.

இரண்டு பேருக்குத் தொப்பை இருக்கிறது என்பதற்காக அவர்களை அண்ணன் தம்பி என்று ரேஷன் கார்டில் எழுதிய கதை இது. அட்ரினல் செல் கொழுப்பு வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அதன் தொழில் ஸ்டீராய்டு ஹார்மோன் தயாரிப்பு, அதற்குக் கச்சாப் பொருள் கொலஸ்ட்ரால். அந்தச் சரக்கைக் கிடங்கில் போட்டு வைத்திருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோய் செல் எதற்காக வைத்திருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சரியான விடை ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. பாரிஸில் ஷார்ல் ரோபன் 1855-இலேயே இந்தப் புற்று சிறுநீரகத்தின் சொந்தக் குழாய்களிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டார். 1867-இல் வில்ஹெல்ம் வால்டேயர் அதை உறுதியும் செய்தார். வால்டேயர் லேசுப்பட்டவர் இல்லை. குரோமோசோமுக்குப் பெயர் வைத்தவர், நியூரான் என்ற சொல்லைப் பரப்பியவர். ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவர் இந்தக் கட்டிக்கு ஒரு கவர்ச்சியான பெயர் வைக்க மறந்துவிட்டார். கிராவிட்ஸ் கட்சிக்கோ ஹைப்பர்நெஃப்ரோமா என்ற பெயர் கிடைத்தது. சொல்லிப் பாருங்கள், வாய் நிறையும். பெரிய டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இதைச் சொன்னால், நோயாளியின் உறவினர்கள் மறுபேச்சுப் பேசாமல் பணம் கட்டப் போவார்கள். அப்படிப்பட்ட பெயரை உண்மை ஒன்றுக்காக எவன் விடுவான்?

விடவில்லை. ஓட்டோ லூபார்ஷ் கிராவிட்ஸுக்கு வக்காலத்து வாங்கினார். 1893-இல் பால் சூடெக் எதிர்த்தார். சண்டை அடுத்த நூற்றாண்டுக்குள்ளும் நடந்தது. கடைசியில் 1960-இல் பிரான்சில் ஷார்ல் ஓபர்லிங்கும் கூட்டாளிகளும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தச் செல்களைப் பார்த்து, சிறுநீரகக் குழாய்ச் செல்லுக்கே உரிய தூரிகை விளிம்பு இங்கே இருக்கிறது, அட்ரினலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ரோபன் சொன்னதற்கு 105 ஆண்டுகள் கழித்து, ரோபன் சொன்னது சரி என்று முடிவாயிற்று. அதற்கப்புறமும் பழைய டாக்டர்கள் ஹைப்பர்நெஃப்ரோமா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். வாய் நிறைந்த பெயர் ஆயிற்றே.

சரி, இத்தனை பேர் பார்த்தார்களே, கொழுப்பை ஏன் கவனிக்கவில்லை? அதற்கு ஆய்வுக்கூடத்தின் சுத்தபத்தத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

சிறுநீரகப் புற்றை வெட்டினால் உள்ளே தங்க மஞ்சளாக இருக்கும். அந்த நிறம் கொழுப்பின் நிறம்தான், அறுவை மருத்துவர் கண்ணாலேயே பார்க்கிறார். அடுத்து அந்தத் துண்டு நோயியல் கூடத்துக்குப் போகிறது. ஃபார்மலினில் ஊறுகிறது. பிறகு ஆல்கஹாலில் குளியல், அதுவும் ஒரு முறை இல்லை, படிப்படியாக வீரியம் கூட்டிப் பல முறை. அதன் பின் சைலீன், முடிவில் உருக்கிய மெழுகு. கொழுப்பைக் கரைத்து விரட்டுவதற்கென்றே திட்டம் போட்டாலும் இதைவிடச் சிறந்த வரிசையை அமைக்க முடியாது. செல்லின் உள்ளே இருந்த அத்தனை துளியும் கரைந்து போன பிறகு, மிச்சமிருக்கும் வெற்று அறையைச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் வைத்துப் பார்த்து, "ஆகா, உள்ளே ஒன்றுமே இல்லையே!" என்று வியந்து, தெளிந்த செல் புற்று என்று பெயர் எழுதினார்கள். சிறுநீரகப் புற்றுநோயில் நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். உடம்பிலேயே அதிகமாகச் சரக்கு அடைத்து வைத்திருக்கும் புற்றுச் செல்களில் ஒன்றுக்குக் காலி வீடு என்று பலகை மாட்டிய கதை.

தெரியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1896-இல் டாடி என்ற இத்தாலியர் சூடான்-3 என்ற சிவப்புச் சாயத்தால் கொழுப்பை நிறமேற்றிக் காட்டிவிட்டார். திசுவைக் கழுவாமல் உறையவைத்துச் சீவினால் துளிகள் செக்கச்செவேலென்று வரிசை கட்டி நிற்கும். தெளிந்த செல்லுக்குள் கொழுப்பும் கிளைக்கோஜனும் இருந்தன என்பது பாடப்புத்தகத்திலேயே உண்டு. தெரிந்தும் அசட்டை. விர்ஷோ போட்ட மந்திரக்கட்டு அப்படி: கொழுப்பா, அது சிதைவு, கழுவிக் கொட்டு.

இப்போது இரண்டாவது அசம்பாவிதத்துக்கு வருவோம். வார்பர்க்கை வைத்துத் தனியாக ஒரு நாடகமே போடலாம். அப்பா எமில் வார்பர்க் பெரிய இயற்பியலாளர். பிள்ளை முதல் உலகப்போரில் குதிரைப்படையில் சேர்ந்து, சண்டை நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தங்கப் பார்த்தார். இப்படிப்பட்ட மூளை குண்டடி பட்டுச் சாகக் கூடாது, ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பு என்று ஐன்ஸ்டைன் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. திரும்பிய பிறகும் குதிரையை விடவில்லை. யூத வம்சாவளி என்பதால் 1941-இல் நாஜிகள் பதவியைப் பறித்தார்கள். சில வாரங்களிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ஹிட்லரின் தாய் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர், அந்தப் பயம்தான் காரணம் என்று பேச்சு உண்டு.

1920-களில் வார்பர்க் செய்தது அபாரமான வேலை. கட்டியை மெல்லிய சீவல்களாக்கி, மூடிய குடுவையில் வைத்து, அது எவ்வளவு மூச்சு விடுகிறது, எவ்வளவு லாக்டிக் அமிலம் கக்குகிறது என்று அளந்தார். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே புற்றுச் செல் சர்க்கரையை அரைகுறையாகப் புளிக்கவைத்து எறிகிறது என்று கண்டார். ஊதாரி! அன்றிலிருந்து இன்றுவரை புற்றுநோய் வளர்சிதைமாற்றம் என்றாலே வார்பர்க் விளைவுதான் முதல் பாடம். 1931-இல் நோபல் பரிசும் வந்தது, அதுவும் செல் சுவாசத்தின் நொதி பற்றிய இன்னொரு வேலைக்கு. குடுவையில் அந்தச் சீவல்களுக்கு அவர் பெரும்பாலும் வைத்த உணவு குளுக்கோஸ் கரைசல். சர்க்கரையை மட்டும் பரிமாறிவிட்டு, இது சர்க்கரைதான் தின்கிறது என்று எழுதினால் யார் மறுக்க முடியும்?

மறுத்தவர்கள் பிலடெல்ஃபியாவில் இருந்தார்கள். கிரேஸ் மீட்ஸ் என்ற அம்மையாரும் சிட்னி வைன்ஹவுஸும் 1953-இல், கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட குளுக்கோஸையும் அசிட்டேட்டையும் கட்டிச் சீவல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கார்பன் கொழுப்பு அமிலங்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. புற்றுச் செல் சர்க்கரையைத் தின்று தீர்ப்பதோடு நிற்கவில்லை, அதை வைத்து வீட்டிலேயே எண்ணெய் ஆட்டிக்கொண்டிருந்தது. மீட்ஸுக்கு அப்போது வயது அறுபத்தேழை ஒட்டி. ஓய்வூதியம் வாங்கும் வயதில் ஒரு அம்மாள் ஜெர்மன் சக்கரவர்த்தியின் கணக்கில் ஓட்டையைக் காட்டினால் உலகம் என்ன செய்யும்? கொட்டாவி விட்டது. 1956-இல் வைன்ஹவுஸ் 'சயன்ஸ்' இதழில் வார்பர்க்கின் கோட்பாட்டையே நேருக்கு நேர் கேள்வி கேட்டபோது கொஞ்சம் ரகளை நடந்தது. வார்பர்க் அசையவில்லை. 1966-இல் லிண்டாவ் நகரில் நோபல் பரிசாளர்கள் முன்னால் நின்று, புற்றுநோயின் மூலகாரணம் மூச்சுக்குப் பதில் புளிப்பு, அவ்வளவுதான் என்று பிரசங்கம் செய்தார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. வார்பர்க்கின் சர்க்கரைப் பசியை நம்பித்தான் இன்று பெட் ஸ்கேன் எடுக்கிறோம். கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றினால் கட்டி அதை உறிஞ்சிக்கொண்டு படத்தில் ஒளிரும். பல புற்றுகளில் பிரமாதமாக வேலை செய்கிறது. புராஸ்டேட் புற்று மட்டும் பல சமயம் சர்க்கரையைச் சீந்தாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பிடிக்க மருத்துவர்கள் கதிரியக்க அசிட்டேட்டைச் செலுத்திப் பார்த்தார்கள், ஒளிர்ந்தது! மீட்ஸ் அம்மாள் 1953-இல் பரிமாறிய அதே பதார்த்தம்தான்.

கொழுப்பைத் தயாரிக்கும் நொதியின் பெயர் எஃப்.ஏ.எஸ். அது வழக்கில் சிக்கியதும் தமாஷான முறையில்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபிரான்சிஸ் குஹாஜ்டா, மார்பகப் புற்று திரும்ப வரும் நோயாளிகளின் கட்டியில் ஒரு புரதம் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். முதலில் அதை ரத்தப் புரதம் ஒன்றின் உறவுக்காரன் என்று நினைத்தார்கள். 1994-இல் முகமூடியைக் கழற்றினால் உள்ளே கொழுப்பு ஆலையின் முதலாளியே நிற்கிறார். பிடித்தாயிற்று, அடிக்க வேண்டியதுதானே? சி-75 என்று ஒரு மருந்து செய்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மளமளவென்று இளைத்தன. குண்டானவர்கள் கூட்டம் மகிழ்ந்தது. புற்றுநோய் மருத்துவர்கள் தலையில் கைவைத்தார்கள், அவர்களுடைய நோயாளிகள் ஏற்கெனவே எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கிறார்கள்.

2004-இல் இன்னொரு கூத்து. உடல் இளைப்புக்கு விற்ற ஆர்லிஸ்டாட் மாத்திரை அதே நொதியைக் கட்டிப்போடுகிறது, புராஸ்டேட் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று கலிஃபோர்னியாவில் கண்டார்கள். மாத்திரை மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஒரே இடைஞ்சல், அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் அநேகமாகப் போவதே இல்லை. குடலிலேயே தங்கி, தின்ற எண்ணெயைச் செரிக்கவிடாமல் அப்படியே கீழே அனுப்பிவிடும். அதை விற்றவர்களே, ஆரம்பத்தில் கறுப்புக் கால்சட்டை அணிவது உத்தமம் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொன்ன வரலாறு உண்டு. இன்று டிவிபி-2640 போன்ற நாகரிகமான வாரிசுகள் மூளைப் புற்றிலும் கொழுப்பு படிந்த கல்லீரலிலும் பரிசோதனையில் இருக்கின்றன.

தயாரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் கதாநாயகன் சேமிப்பு அல்லவா? அந்தத் துளியை ஒரு பொருட்டாக மதித்த பெருமை கான்ஸ்டன்டைன் லாண்டோஸ் குழுவுக்குச் சேரும். 1991-இல் பெதஸ்டாவில் அவர்கள் கொழுப்புச் செல்லில் துளியின் மேற்பரப்பைப் போர்த்தி நிற்கும் ஒரு புரதத்தைப் பிடித்து, பெரிலிப்பின் என்று பெயரிட்டார்கள். அதன் வேலை காவல். உள்ளே இருக்கும் கொழுப்பை உடைக்கும் நொதிகள் கண்டபடி கைவைக்காமல் மறிக்கும். ஹார்மோன் உத்தரவு வந்தால் வழிவிடும். காவலாளி இருந்தால் உள்ளே ஏதோ மதிப்புள்ளது இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் அந்தத் துளிக்குச் செல்லின் உறுப்பு என்ற அந்தஸ்து கிடைத்தது. லீவன்ஹோக் 1674-இல் பாலில் கொழுப்பு உருண்டைகளைப் பார்த்த நாளிலிருந்து கணக்குப் போட்டால், பதவி உயர்வுக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல். எந்த அரசு அலுவலகமும் தோற்றுவிடும்.

செல்லுக்கு இந்த வீண் ஜாக்கிரதை எதற்கு, கொழுப்பைச் சும்மா உள்ளே உலவவிட்டால் என்ன? இதற்குப் பதிலை மிஷேல் ஷெவ்ரல் 1823-இலேயே பாதி சொல்லிவிட்டார். கொழுப்பைப் பிரித்தால் கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் வரும், அந்த அமிலங்களின் உப்புதான் சோப்பு என்று காட்டியவர் அவர். (வாழ்நாளெல்லாம் கொழுப்போடு புழங்கிய மனிதர் 102 வயதுவரை இருந்து, ஐஃபல் கோபுரம் எழும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இதய மருத்துவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) கட்டவிழ்ந்த கொழுப்பு அமிலம் செல்லுக்குள் சோப்பின் வேலையைச் செய்யும், சவ்வுகளை அரிக்கும். மூன்று மூன்றாகச் சேர்த்து ட்ரைகிளிசரைடாக்கித் துளிக்குள் பூட்டினால் சாது. கஷ்டகாலத்தில் எடுத்து எரிக்கவும் செய்யலாம், புதுச் செல்லுக்குச் சவ்வு கட்டவும் செய்யலாம். வேகமாகப் பெருகும் புற்றுச் செல்லுக்கு இரண்டும் தேவை.

இப்போது சிறுநீரகத்துக்குத் திரும்பலாம். கிராவிட்ஸ் கேட்காமல் விட்ட கேள்வி அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது.

பதில் வந்த வழி விசித்திரம். 1904-இல் ஓய்கன் ஃபான் ஹிப்பல் என்ற கண் டாக்டர் விழித்திரையில் ரத்தநாளக் கட்டிகள் வரும் குடும்பங்களைப் பற்றி எழுதினார். 1926-இல் ஆர்விட் லிண்டாவ் என்ற ஸ்வீடன்காரர், கண்ணில் வரும் கட்டியும் சிறுமூளையில் வரும் கட்டியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்றார். அந்தக் குடும்பங்களில் சிறுநீரகப் புற்றும் அள்ளிக்கொண்டு போனது. 1993-இல் அதற்குக் காரணமான மரபணு பிடிபட்டது. இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து வி.எச்.எல். என்று பதிவாயிற்று. குடும்பத்தில் நோயே இல்லாமல் திடீரென்று வரும் தெளிந்த செல் புற்றுகளில் பெரும்பாலானவற்றிலும் இதே மரபணுதான் கெட்டுப்போயிருந்தது.

வி.எச்.எல். செல்லுக்குள் என்ன செய்கிறது? ஹிஃப் என்ற புரதத்தைச் சத்தம் போடாமல் தீர்த்துக்கட்டுகிறது. ஹிஃப் ஒரு அபாயச் சங்கு. ஆக்சிஜன் குறைந்தால் ஊதவேண்டும், மற்ற நேரத்தில் பிறந்த சில நிமிஷங்களில் சாகவேண்டும். வி.எச்.எல். கெட்டுப்போனால் கொல்ல ஆளில்லை. சங்கு நிற்காமல் ஊதுகிறது.

"ஆக்சிஜன் இல்லை! ஊரே மூச்சுத் திணறுகிறது!"

"இருக்கிறதே அய்யா, தாராளமாக இருக்கிறதே?"

"வாயை மூடு. புது ரத்தக்குழாய் போடு. சர்க்கரையை வாங்கிக் குவி. கொழுப்பை எரிக்காதே, அடுப்பை அணை, எல்லாவற்றையும் கிடங்கில் போட்டுப் பூட்டு!"

இந்தக் கூக்குரல் எழுவது இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் உறுப்பில். பஞ்சமே இல்லாத ஊரில் பஞ்ச நிவாரணம் அறிவித்தாயிற்று. உத்தரவு நிறைவேறும் விதத்தையும் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார்கள். கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரியப் போகும் வாசலில் சி.பி.டி.1ஏ என்ற நொதி நிற்கிறது, ஹிஃப் அதன் உற்பத்தியைக் குறைக்கிறது. இது 2017-இல் தெரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் சைமன் குழு, ஹிஃப் குடும்பத்து ஹிஃப்-2, பெரிலிப்பின் குடும்பத்துப் பெரிலிப்பின்-2 என்ற காவலாளியைக் கூட்டி, துளிகளைப் பெருக்குகிறது என்று காட்டியிருந்தது. அந்தக் காவலாளியை நீக்கினால் கொழுப்புத் துளிகள் குறைந்து, செல்லின் புரதப் பட்டறை தாங்கமுடியாத நெருக்கடிக்கு ஆளாகி, புற்றுச் செல் செத்தது. பிலடெல்ஃபியாவே மறுபடியும். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

ஆக, விர்ஷோ சாவின் அடையாளம் என்று நினைத்த துளி, சாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் இந்த இயந்திரத்தைப் பிரித்துக் காட்டியதற்காகக் கேலினுக்கும் ராட்கிளிஃபுக்கும் செமென்சாவுக்கும் 2019-இல் நோபல் கிடைத்தது. ஹிஃப்-2 மாதிரியான புரதத்தை மருந்தால் தொடவே முடியாது என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாலஸ் நகரில் இருந்தவர்கள் அதன் உடம்பில் ஒரு சின்னப் பொந்தைக் கண்டுபிடித்து, அதில் அடைக்க ஒரு மூலக்கூறு செய்தார்கள். பெல்ஸூட்டிஃபான் என்ற அந்த மருந்துக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி வந்தது, முதலில் வி.எச்.எல். குடும்பத்தாருக்கு, 2023-இல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கும். கொழுப்பை நேரே போய் அது தாக்குவதில்லை, சங்கின் வாயை அடைக்கிறது. பக்கவிளைவாக ரத்தசோகை வரும், ஏனென்றால் சிவப்பணு உற்பத்திக்கு உத்தரவிடுவதும் அதே சங்குதான்.

மற்ற புற்றுகள் இந்த அளவுக்குச் சொந்தமாகக் கிடங்கு கட்டுவதில்லை, சில அண்டை வீட்டில் கைவைக்கின்றன. குடலுக்கு முன்னால் கொழுப்புத் திரையாகத் தொங்கும் ஓமெண்டத்தை, வயிற்றில் எங்கே வீக்கம் வந்தாலும் ஓடிப்போய் மூடிக்கொள்வதால், பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ரதர்ஃபோர்ட் மாரிசன் வயிற்றின் போலீஸ்காரர் என்று புகழ்ந்திருந்தார். 2011-இல் சிகாகோவில் எர்ன்ஸ்ட் லெங்யெல் குழு பார்த்தது வேறு காட்சி. சினையகப் புற்று ஓமெண்டத்துக்கு ஓடி வருகிறது, போலீஸ்காரர் தன் மடியில் இருந்த கொழுப்பை அவிழ்த்து அதற்கு ஊட்டிவிடுகிறார். கட்டிக்குப் பக்கத்தில் இருந்த கொழுப்புச் செல்கள் சுருங்கிப்போயிருந்தன. போலீஸ் பற்றி மேலும் எழுத எனக்குத் தைரியமில்லை. பெருங்குடல் புற்றில் துளிகள் அதிகமுள்ள செல்கள் கீமோதெரபி மருந்துகளுக்கே டிமிக்கி கொடுக்கின்றன என்று 2018-இல் வந்த ஆய்வு வேறு இருக்கிறது.

கழுவாமல் பார்ப்பதற்கும் வழி பிறந்தது, அதில் நம் ஊர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறலை வைத்தே, சாயமும் வேண்டாம் சைலீனும் வேண்டாம், திசுவின் மேல் லேசரை அடித்தால் உள்ளே இருக்கும் மூலக்கூறு தானே அடையாளம் சொல்லும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜி-ஷின் செங் குழு இந்த முறையில் புராஸ்டேட் புற்றுத் துண்டுகளைப் பார்த்தது. முரட்டுத்தனமாகப் பரவும் கட்டிகளில் கொலஸ்ட்ரால் எஸ்டர் நிரம்பிய துளிகள் பளிச்சென்று தெரிந்தன. அந்த எஸ்டரைக் கட்டும் நொதியைத் தடுக்க ஏற்கெனவே ஒரு மருந்து தூசி படிந்து கிடந்தது: அவாசிமைப். இதய ரத்தக்குழாய் அடைப்புக்காகச் செய்து, 2004-இல் பரிசோதனையில் மண்ணைக் கவ்விய மாத்திரை. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது என்று 2014-இல் எழுதினார்கள். இதயத்துக்கு உதவாத மருந்து புற்றுநோய்ப் பிரிவில் வேலை தேடிக்கொண்டிருக்கிறது. எலிகளுக்குக் குணமாவது மனிதருக்கும் குணமாகியிருந்தால் புற்றுநோய் எப்போதோ ஒழிந்திருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக ஒரு வம்பு. உடல் பருமன் இருந்தால் சிறுநீரகப் புற்று வரும் வாய்ப்பு கூடும், இதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நோய் வந்துவிட்டவர்களை எடுத்துப் பார்த்தால், குண்டானவர்கள் ஒல்லியானவர்களைவிட அதிக நாள் இருக்கிறார்கள்! 2013-இல் நியூயார்க்கில் கட்டிகளைத் துருவிப் பார்த்தார்கள். குண்டர்களின் கட்டியில் குஹாஜ்டா பிடித்த அதே கொழுப்பு நொதியின் ஆட்டம் குறைவாக இருந்தது. வெளியே தாராளமாகக் கிடைப்பதால் கட்டி தானே ஆட்டிச் சேர்க்கச் சோம்பல்படுகிறதோ, அதனால் சாதுவாக இருக்கிறதோ என்று உயிரியல்காரர்கள் கதை கட்டுகிறார்கள். புள்ளியியல்காரர்கள் சிரிக்கிறார்கள்: ஒல்லியாகத் தெரிபவர்களில் பலர் நோயால் ஏற்கெனவே இளைத்தவர்களாக இருக்கலாம், கணக்கே கோணல். இரு கோஷ்டியும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சரி, நோயாளி நெய்த்தோசை சாப்பிடலாமா வேண்டாமா, அதையாவது சொல்லுங்கள் என்றால், இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொல்கின்றன: சிகரெட்டை விடச்சொல், பிரஷரைப் பார்க்கச்சொல்.